குளிர் ஊரிலும் முதல் இரண்டு நாள் ஐஸ்தான்!



ஞானப்பல் பிடுங்கினால் வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாள்தான் அதிகம் தெரியும். இதை முன்பே யாராவது சொல்லி வைத்தால் பாதிப் பயம் போய்விடும். எனக்கு சேலத்தில் ஈறைக் கிழித்து, தையல் போட்டு எடுத்தார்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு வருவதற்குள் மரப்பு தெளிந்து வலி பிடித்துக்கொண்டது. மலைவாசிகள் முதல் மாத்திரையை எப்போது போடுவது என்று கேட்டுக்கொண்டே கிளம்புங்கள்.

வீட்டில் பெரிய வழக்கே ஐஸுக்குத்தான். "இந்த மார்கழிக் குளிர்ல கன்னத்துல ஐஸா? சளி புடிச்சுக்கும் கண்ணு. உப்பு வறுத்து ஒத்தடம் குடுக்கறேன்" என்றார் அத்தை. ஆனால் ஆரம்பத்தில் சூடு பட்டால் ரத்தக்குழாய் விரிந்து வீக்கமும் கசிவும் கூடும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் எடுத்து, மாற்றி மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அத்தையின் ஒத்தடத்துக்கு முறை வந்தது. இறுகிப்போன தாடைக்கு அது சுகமாகவே இருந்தது. அத்தைக்கும் திருப்தி!

பல் இருந்த குழியில் உறையும் ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்தால் வலி உயிர் போகும். அதனால் முதல் நாள் கொப்பளிக்க, காறித் துப்ப, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெல்லச் சாய்த்து விடணும். வலிக்கிறதே என்று குழிக்குள் கிராம்பைத் திணிக்காதீர்கள். சூடான காபியும் வேண்டாம். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபிச்செடி கொண்டு வந்த மலையில் இருந்துகொண்டு ஆறின காபி குடிப்பது தண்டனைதான், என்ன செய்ய! ஆறிய ராகிக் கூழும் குழைந்த தயிர் சாதமும் கைகொடுத்தன. குடம் தூக்குவது, குனிந்து துவைப்பது எல்லாம் சில நாள் மற்றவர் செய்யட்டும்.

வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், சாப்பிட்ட பிறகு போடுங்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் கலந்த தலைவலி மாத்திரை கசிவை அதிகமாக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

குறைந்து வந்த வலி மூன்றாம், நான்காம் நாள் திரும்பவும் காதுவரை இழுத்தால், வாய் நாறினால், பகலிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காய்ச்சலோடு வீக்கம் கழுத்துக்கு இறங்குவது, எச்சில் விழுங்க முடியாதது, மூச்சுத் திணறல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

- ஓர் இல்லத்தரசி, ஏற்காடு