எல்லை நகர்ந்தது... ஊர் நகரவில்லை! செங்கோட்டைக்கு ஒரு நடை

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் பஸ்ஸில் 'பார்டர் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்பவர்களைப் பார்க்கலாம். கண்டக்டரும் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுப்பார். பிரானூர் பார்டரில் இறங்கினால் பரோட்டாக் கடைகளும் மர அறுவை மில்களும்தான் கண்ணில் படும். எல்லை எங்கே என்று தேடினால் கிடைக்காது. கேரள எல்லை அங்கிருந்து இன்னும் மேற்கே, புளியரை தாண்டி மலைமேல் இருக்கிறது.

எல்லையே இல்லாத இடத்துக்கு எப்படி 'பார்டர்' என்று பெயர் வந்தது? செங்கோட்டையின் கதை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

ஒரே வீடு, ஐந்து முகவரி

1956 வரை செங்கோட்டை தமிழகத்தில் இல்லை. மலைக்கு இந்தப் பக்கம், தமிழ் பேசும் மக்களோடு இருந்தும், அது திருவிதாங்கூர் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. அன்று சென்னை மாகாணம் முடிந்து சமஸ்தானம் தொடங்கிய இடம்தான் பிரானூர். மொழிவழியில் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியோடு செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. தாலுகாவின் மலைப்பகுதி கேரளத்தோடு நின்றுவிட்டது.

1940-களில் இங்கே பிறந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். பிறந்தது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். 1949-ல் அது திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. 1956-ல் சென்னை மாநிலம், திருநெல்வேலி மாவட்டம். 1969-ல் தமிழ்நாடு. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம். பிறந்த வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே ஐந்து முகவரிகளைப் பார்த்திருப்பார் அந்தப் பெரியவர்!

அரசுகள் கோடுகளை மாற்றி வரைந்தன. ஜனங்கள் பழைய கோட்டை மறக்காமல், 'பார்டர்' என்ற ஒற்றைச் சொல்லில் பத்திரப்படுத்தி வைத்துவிட்டார்கள்.

இரண்டு இளைஞர்கள்

ஊருக்குள் வந்தால் வாஞ்சிநாதன் சிலையாக நிற்கிறார். அவருக்கு மணிமண்டபமும் உண்டு. இந்த ஊரில் பிறந்து, புனலூரில் வனத்துறை வேலையில் இருந்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். பிடிபடுவதற்குள் தன்னையும் சுட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தைப் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. மணியாச்சி நிலையம் இப்போது 'வாஞ்சி மணியாச்சி'. பாடப்புத்தகத்தில் அந்தக் கதை துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்துவிடும். அவர் வீடு இருந்த ஊரில் நிற்கும்போதுதான், இளம் வயதில் தனித்து விடப்பட்ட மனைவி பொன்னம்மாளின் நினைவும் வருகிறது.

இன்னொருவர் எஸ்.ஜி.கிட்டப்பா. இனிஷியலில் இருக்கும் 'எஸ்' இந்த ஊர்தான். 1906-ல் பிறந்து, சிறுவனாகவே நாடக மேடை ஏறியவர். மைக் இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டிய குரல் அவருடையது. கே.பி.சுந்தராம்பாளை 1927-ல் மணந்தார். 1933-ல் காலமானபோது அவருக்கு வயது இருபத்தேழு. அன்று வெள்ளைப் புடவைக்கு மாறிய சுந்தராம்பாள், கடைசிவரை மாறவில்லை. ஔவையாராக நாம் திரையில் கண்ட அந்த வெண்ணிற உருவத்துக்குப் பின்னால், இந்த ஊர்க்காரர் ஒருவரின் இழப்பு இருக்கிறது.

ரயில் வராத எட்டு வருடம்

மலையைக் குடைந்து கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த ரயில் பாதைக்கு நூறு வயதுக்கு மேல். 1904-ல் திறக்கப்பட்டது. இந்தப் பக்கத்து சரக்கு கொல்லம் துறைமுகத்துக்குப் போக வழி பிறந்தது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே சுமார் 49 கிலோமீட்டர்தான். அதற்குள் குகைகள், பாலங்கள், வளைவுகள் என்று காடே கூட வரும். கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலம், சாலையோரமாகவே கம்பீரமாக நிற்கிறது.

அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ல் இந்த மலை ரயில் நிறுத்தப்பட்டது. கேரளத்தில் வேலை, கல்யாண உறவு, வியாபாரம் என்று இருந்தவர்களுக்கு பஸ்தான் கதி என்றானது. 2018-ல்தான் மீண்டும் முழுப் பாதையிலும் ரயில் ஓடியது. இப்போதும் ஏற்றத்தில் ரயிலின் பின்னாலிருந்து தள்ள இன்னொரு இன்ஜின் சேர்க்கிறார்கள். ஜன்னலோரம் உட்காரும் குழந்தைகளுக்கு அதை மறக்காமல் காட்டுங்கள்.

சாரல் வரும் வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவு பக்கம் ஒரு கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியே ஈரத்தோடு நுழைவதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊரே சிலுசிலுவென்று இருக்கும். தமிழகத்தின் மற்ற ஊர்கள் வெயிலில் வாடும்போது இங்கே பகலிலேயே குடை விரியும். மேற்கே, 36 அடி உயர குண்டாறு அணை சின்னதுதான். நாலு நாள் நல்ல மழை பெய்தால் 'குண்டாறு நிரம்பியது' என்று செய்தி வந்துவிடும்.

பக்கத்தில் பண்பொழி. திருமலைக்குமாரசுவாமி கோயிலுக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள். முட்டி வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம், வண்டி போகும் சாலையும் உண்டு. மேலே நின்றால் ஒரு பக்கம் மேகம் தொட்ட மலை. மறுபக்கம் வயல், தென்னந்தோப்பு, கண்ணாடித் துண்டுகளாக குளங்கள். சண்டை போட்டுப் பிரித்த எல்லை எதுவும் அங்கிருந்து தெரியாது.

போகிறவர்களுக்கு...

சென்னை எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் நேராகச் செங்கோட்டைக்கே வருகிறது. மலைப்பாதையை ரசிக்க, பகலில் கொல்லம் பக்கம் போகும் அல்லது அங்கிருந்து வரும் ரயிலாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். ஆரியங்காவு தாண்டும்போது இருட்டிவிட்டால் பயணமே வீண். சீசனில் குற்றாலத்தில் ரூம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அருவியில் போலீஸார் தடை விதித்தால் வாதாட வேண்டாம். மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

பெரும்பாலானவர்கள் குற்றாலத்தில் குளித்து, பார்டரில் பரோட்டா சாப்பிட்டு, அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்ச தூரம் மேற்கே வாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டி வாருங்கள். பரோட்டா வரும்வரை, இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம், 'இந்த இடத்துக்கு ஏன் பார்டர்னு பேரு தெரியுமா?' என்று அவர்கள் ஆரம்பிக்கட்டும்.