கேட்டதை வரைந்து வைப்போம்

நுழையும் முன்

ஒருவர் பேசும் வேகத்திற்கு நம் கை எழுதுவதில்லை. கேட்டவற்றுள் வேண்டியதை மட்டும் தேர்ந்து, சில சொற்களாலும் எளிய படங்களாலும் பதிவு செய்யும் முறையைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.



உங்கள் வகுப்பறையின் மின்பொத்தான் பலகையை ஒருமுறை நோக்குங்கள். பொத்தான்கள் அனைத்தும் ஒரே வரிசையில் இருக்கும். உங்கள் தலைக்கு மேலே உள்ள மின்விசிறிக்கு உரிய பொத்தான் எது? ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திப் பார்த்த பின்னரே அறிகிறோம். நாள்தோறும் பயன்படுத்தும் பொருளில் நமக்கு ஏன் இந்தத் தடுமாற்றம்?

இத்தகைய வினாக்களை ஆராயும் துறைக்குப் பயனர் அனுபவ வடிவமைப்பு என்று பெயர். ஒரு கருவியையோ செயலியையோ பயன்படுத்துபவர் எங்கே தயங்குகிறார், எதனைத் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்று கண்டறிந்து, அதற்கேற்ப அதனை அமைப்பதே இத்துறையின் பணி.

நான் பணிபுரியும் புனே நகரில், இத்துறையினர் சிலர் மாதம் ஒரு நூலைப் படித்து, ஒன்றுகூடி உரையாடுகின்றனர். நண்பர் ஒருவர் அழைத்ததால் நானும் ஒரு சனிக்கிழமை மாலை அங்குச் சென்றேன். அன்று எடுத்துக்கொண்ட நூல், அமெரிக்க அறிஞர் டான் நார்மன் எழுதிய 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்'. 1988ஆம் ஆண்டு வேறொரு தலைப்பில் முதன்முதலாக வெளிவந்த இந்நூலின் திருத்திய பதிப்பு 2013இல் வந்தது. கதவு, அடுப்பு, மின்பொத்தான் போன்ற அன்றாடப் பொருள்களே இதன் பேசுபொருள்.

தள்ள வேண்டிய கதவில் இழுப்பதற்கான கைப்பிடி இருந்தால், எவரும் முதலில் இழுக்கவே செய்வர். அது அவருடைய பிழையன்று. கதவு தவறான குறிப்பைத் தருகிறது என்கிறார் நார்மன். நான்கு எரிவாய்கள் சதுரமாக அமைந்த அடுப்பில், திருகுகள் நான்கும் ஒரே வரிசையில் இருந்தால் எது எதற்கு உரியது என்பது விளங்காது. திருகுகளையும் சதுரமாக அமைத்துவிட்டால், எழுதிக் காட்டாமலே விளங்கிவிடும். நம் மின்பொத்தான் பலகைக்கும் இவ்விளக்கம் பொருந்துகிறது அன்றோ?

உரையாடல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறிமாறி நடந்தது. நான் ஆசிரியர் அல்லவா? ஒரு சொல்லும் விடாமல் எழுத முயன்றேன். நான்கு பக்கங்கள் நிறைந்தன. இறுதியில் ஒருவர், "அடுப்பைப் பற்றித் தங்கள் கருத்து என்ன?" என்று என்னைக் கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. எழுதுவதில் முனைந்திருந்த நான், கேட்பதை விட்டுவிட்டேன். அருகில் இருந்த இளம்பெண்ணோ ஒரே பக்கத்தில் ஒரு கதவு, ஓர் அடுப்பு, அவற்றை இணைக்கும் ஓர் அம்புக்குறி, ஏழெட்டுச் சொற்கள் ஆகியவற்றைக் கொண்டே அன்றைய உரையாடல் முழுவதையும் எடுத்துரைத்தார்.

இம்முறைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்கெட்ச்நோட்' என்று பெயரிட்டவர் மைக் ரோடி என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர். அவரும் முன்பு பெரிய ஏட்டில் பென்சிலால் அனைத்தையும் எழுதிச் சலித்தவரே. பின்னர்ச் சிறிய ஏட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். இடம் குறைவு, எழுதியதை அழிக்கவும் இயலாது. எனவே, எது முதன்மையானது என்று எண்ணிப் பார்த்த பின்னரே எழுத வேண்டியதாயிற்று.

படக்குறிப்பு எடுக்கும் முறை

1. தாளின் மேற்புறத்தில் தலைப்பு, நாள், பேசுபவர் பெயர் ஆகியவற்றை எழுதுக.
2. ஒரு கருத்து முடியும்வரை கேட்டு, அதன்பின் அதற்குரிய சிறு படத்தை வரைக. வட்டம், சதுரம், முக்கோணம், கோடு, புள்ளி ஆகிய ஐந்துமே போதும்.
3. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சொல் எழுதுக.
4. தொடர்புடைய கருத்துகளை அம்புக்குறியால் இணைக்க. புள்ளிகளை வைத்த பின்னர்க் கோடு இழுத்துக் கோலமிடுவதைப் போன்றது இது.
5. அன்றிரவே அப்படங்களைப் பார்த்து, முழு வாக்கியங்களாக எழுதுக.

மூன்றாம் படியைக் கைவிடலாகாது. அடுத்த கூட்டத்தில் நானும் படம் வரைந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, நான் வரைந்தது மேகமா, ஆடா என்று எனக்கே விளங்கவில்லை!

படம் அழகாக இருத்தல் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டா. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சிலரிடம் சொற்களைத் தந்து, சிலவற்றை எழுதவும் சிலவற்றை வரையவும் செய்தனர். எழுதிய சொற்களைவிட வரைந்த சொற்களே அவர்கள் நினைவில் மிகுதியாக நின்றன. ஒன்றை வரைய வேண்டுமெனில் அதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் உருவத்தை மனத்தில் காண வேண்டும். கையும் இயங்க வேண்டும். இம்மூன்றும் சேர்வதால் நினைவு வலுப்பெறுகிறது.

இம்முறை உங்களுக்கு மிகுதியும் பயன்படும். உங்களுள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள். தொலைபேசியில் பாட்டி சொல்லும் கதை முழுவதும் உங்களுக்கு விளங்குகிறது. ஆனால், அதைத் தமிழில் எழுத முனைந்தால் எந்த 'ல', எந்த 'ன' என்ற ஐயத்தில் கை நின்றுவிடுகிறது. அதற்குள் கதை நெடுந்தொலைவு சென்றுவிடுகிறது. என் மாணவி ஒருத்தி, தன் பாட்டி கூறிய ஊர்க் கிணற்றின் கதையை முதலில் ஒன்பது படங்களாக வரைந்தாள். பின்னர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதினாள். 'கிணறு' என்பதற்கு எந்த 'ண' என்று நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு நேரம் இருந்தது. கதையும் நழுவவில்லை.

எனினும், படத்தோடு நின்றுவிடலாகாது. கிணற்றின் படத்தை எவரும் வரைவர். அதில் நீர் இறைத்தவர் யார், அது ஏன் தூர்ந்தது என்பனவற்றைப் பாட்டியின் சொற்களிலேயே பிறர் அறிய வேண்டுமாயின், நாம் எழுதத்தான் வேண்டும். ஆதலால், ஐந்தாம் படியை ஒருநாளும் மறவாதீர்கள்.

சொல்லும் பொருளும்

தேர்ந்து – தெரிவு செய்து
முனைந்து – ஊக்கத்துடன் ஈடுபட்டு
ஐயம் – சந்தேகம்
தூர்தல் – மண் நிறைந்து மூடிப்போதல்

பயிற்சி

1. தள்ள வேண்டிய கதவை ஒருவர் இழுப்பது ஏன் அவருடைய பிழையன்று?
2. பேனாவும் சிறிய ஏடும் மைக் ரோடிக்கு எவ்வாறு உதவின?
3. உங்கள் வகுப்பறை மின்பொத்தான் பலகையை, எளிதில் விளங்குமாறு மாற்றி வரைக.
4. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் பிறந்த ஊரைப் பற்றிக் கேட்டுப் படக்குறிப்பு எடுக்க. பின்னர் அதனைப் பத்து வாக்கியங்களில் எழுதி, அவரிடமே படித்துக் காட்டுக.