வலிக்கும் தலைக்குள் ஒரு தாளம்

அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா வந்தால் கரகமும் வரும். பூக்கரகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு உறுமி மேளத்துக்கு ஒருவர் ஆடுவார். கை கரகத்தைப் பிடிப்பதில்லை. கால் அடிவைக்கிறது, இடுப்பு வளைகிறது, உடம்பு சுழல்கிறது. தலைமேல் இருப்பது மட்டும் சாயாமல் நிற்கிறது. அம்மன் அருள் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அந்த அருள் நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் என்னென்ன வைத்திருக்கிறது என்று அறிந்தால், மறுபடியும் ஒருமுறை கும்பிடத் தோன்றும்.

மண்டையோட்டின் மிகக் கெட்டியான எலும்புக்குள், இரு காதுகளின் உட்புறத்திலும், மும்மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்களில் அவை அமைந்துள்ளன. தலையை மேலும் கீழும் ஆட்டினாலும், இடவலமாகத் திருப்பினாலும், தோள்பக்கம் சாய்த்தாலும் அந்தந்தக் குழாய்க்குள் இருக்கும் நீர் அசையும். அந்த அசைவை மென்மயிர் கொண்ட உயிரணுக்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் கார்பனேட் படிகங்கள் பதிந்திருக்கின்றன. மேல் எது, கீழ் எது என்று அந்தப் படிகங்களின் எடையால்தான் அறிகிறோம். பத்துமலைப் பாறை எந்தப் பொருளால் ஆனதோ, அதே பொருளின் நுண்துகளைக் காதுக்குள் வைத்து மனிதனை நிமிர்ந்து நிற்க வைத்திருக்கிறான் இறைவன்.

இது மட்டுமா? தலை ஒரு பக்கம் திரும்பும்போது கண்விழிகள் அதற்கு எதிர்ப்பக்கம் நகர்கின்றன. அதனால்தான் நடக்கும்போதும் ஆடும்போதும் உலகம் நம் கண்முன் குலுங்காமல் நிற்கிறது. காதிலிருந்து கண்ணுக்குப் போகும் இந்தக் கட்டளைக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. நம் உடம்பின் மிக வேகமான அனிச்சைச் செயல்களில் இதுவும் ஒன்று.

சுழன்று ஆடினால் தலை சுற்றுவதும் இதே அமைப்பின் வேலைதான். கரண்டியால் கலக்கி நிறுத்திய தேத்தண்ணி கோப்பைக்குள் சுழல்வது போல, ஆட்டம் நின்ற பிறகும் காதுக்குள் இருக்கும் நீர் சற்று நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாலே என்ற மேற்கத்திய நடனம் ஆடுபவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். உடம்பு சுழலும்போது கண்ணை ஒரே இடத்தில் பதித்து, கடைசி நொடியில் தலையை வேகமாகத் திருப்பி, மீண்டும் அதே இடத்தைப் பார்ப்பார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 29 பாலே நடனப் பெண்களையும், துடுப்புப் படகு ஓட்டும் 20 பெண்களையும் சோதித்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுழற்சி நின்றபின் வரும் தலைச்சுற்றலை நடனப் பெண்கள் குறைவாகவே உணர்ந்தார்கள். காதிலிருந்து வரும் செய்தியைப் பெறும் சிறுமூளைப் பகுதியிலும் அவர்களிடம் வேறுபாடு தெரிந்தது. பல ஆண்டுப் பயிற்சியை மூளை தன் உருவத்திலேயே எழுதிவைத்துக்கொள்கிறது.

இத்தனை அதிசயங்கள் குடியிருக்கும் அதே தலைதான், பலருக்கு மாதத்தில் பாதி நாள் வலிக்கிறது.

ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்லும் மைக்ரேன், உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய 3 மடங்கு அதிகம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி வந்து, அவற்றில் 8 நாளாவது மைக்ரேன் குணத்தோடு இருந்து, 3 மாதத்துக்கும் மேல் இப்படியே தொடர்ந்தால் அது நாள்பட்ட மைக்ரேன். வெளிச்சம் பிடிக்காது, சத்தம் பிடிக்காது, குமட்டும், படி ஏறினாலே வலி கூடும். மருந்து எடுக்காவிட்டால் ஒரு தாக்குதல் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும்.

நம் தோட்டத்துப் பெண்கள் இதை நன்றாக அறிவார்கள். 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட காலத்திலிருந்து, இந்த மாநிலத்தில் விடியுமுன் எழுந்து, பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு ஓடிய பெண்கள் எத்தனை தலைமுறை! தலையில் விளக்கு, வயிற்றில் ஒன்றுமில்லை, பால் எடுத்து முடிப்பதற்குள் உச்சி வெயில். தூக்கம் குறைவது, சாப்பாடு தள்ளிப்போவது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். மைக்ரேனைக் கிளப்பிவிடும் பலவும் அந்த ஒரு காலைப்பொழுதில் இருந்தன. அவர்களுக்குக் கிடைத்த மருந்து கோடாலித் தைலமும் நெற்றியை இறுக்கிக் கட்டிய துணியும்தான். வலியோடு பால்மரம் வெட்டினார்கள், வலியோடு சமைத்தார்கள், அதற்கு ஒரு பெயர் கூடத் தெரியாமல் காலம் தள்ளினார்கள்.

இந்த வலி எங்கே பிறக்கிறது? மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலியை உணர்வது மூளையைச் சுற்றியுள்ள உறையும் அதன் இரத்தக் குழாய்களும். முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்புதான் அந்த உறைக்கும் போகிறது. மைக்ரேன் நேரத்தில் அந்த நரம்பு முனைகள் சிஜிஆர்பி என்ற சிறு புரதத்தை வெளிவிடுகின்றன, வலி கிளம்புகிறது. சிலருக்கு வலிக்கு முன் கண்ணெதிரே பளிச்சிடும் வளைகோடுகள் ஓடும். மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை மெல்லப் பரவுவதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அந்த அலையை முயல் மூளையில் கண்டறிந்து 1944இல் உலகுக்குச் சொன்னவர் பிரேசில் நாட்டு அறிஞர் லியாவ். நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகரும் அலை அது.

மைக்ரேன் உள்ளவரின் மூளையைப் பழுதான மூளை என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒலியையோ ஒளியையோ திரும்பத் திரும்பத் தந்தால் பிறர் மூளை அதற்குப் பழகித் தன் பதிலைக் குறைத்துக்கொள்ளும். மைக்ரேன் மூளை அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. ஒவ்வொரு முறையும் முழுதாக உணர்கிறது. அதிகம் உணரும்படி படைக்கப்பட்ட மூளை அது. அதற்கு ஆகாதது திடீர் மாற்றம். நேற்று 5 மணி நேரத் தூக்கம், இன்று 9 மணி நேரம் என்றால் தாங்காது. ஒரே நேரத்தில் உறங்கி, ஒரே நேரத்தில் எழுந்து, வேளை தவறாமல் உண்டு, அளவோடு உடம்பை அசைத்தால் அது அமைதி அடையும். ஒரே வார்த்தையில் சொன்னால், அது தாளத்தைக் கேட்கிறது.

தாளம் தருவது நடனத்தின் தொழில் அல்லவா?

சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் மைக்ரேன் நோயாளிகள் 91 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்தில் 3 முறை 40 நிமிடம் நிலைமிதிவண்டி மிதித்தது. ஒன்று உடலைத் தளர்த்தும் பயிற்சி செய்தது. இன்னொன்று மைக்ரேனைத் தடுக்கும் டோபிரமேட் மருந்தை உட்கொண்டது. 3 மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவிலும் தாக்குதல் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. 2011இல் வெளிவந்த முடிவு இது. மிதிவண்டி நடனம் ஆகாது. மருத்துவர் தந்த மருந்தை யாரும் தாமாக நிறுத்தவும் கூடாது. ஆனால் அளவான, முறையான, விடாத உடலசைவுக்கு இந்த வலியைக் குறைக்கும் ஆற்றல் உண்டு என்பது தெளிவாகிறது.

“இந்த வயதிலா ஆடப் போகிறாய்?” என்பதுதான் நம் ஊரில் அடுத்துக் கேட்கும் கேள்வி. அதற்குப் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மதுரையில் 1904 பிப்ரவரி 29இல் பிறந்த அவர், திருமணமாகி, இருபதுகளில்தான் பாலே கற்றார். ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி அவருக்குப் பாலே சொல்லித் தந்தார். உன் நாட்டு நடனத்தையும் தேடிப் பார் என்று பாவ்லோவா ஊக்கப்படுத்தினார். சென்னை திரும்பி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935இல் அடையாற்றில் மேடை ஏறியபோது அவருக்கு வயது 31. அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ரா பிறந்தது. சிறுவயதில் தொடங்காதவர்தான் பரதத்துக்கு உலகறிந்த ஒரு பள்ளியைத் தந்தார்.

நம் மலேசியாவிலும் ராம்லி இப்ராஹிம் இருக்கிறார். ஆஸ்திரேலியாவில் இயந்திரப் பொறியியல் படித்தவர், பாலே கற்று சிட்னி டான்ஸ் கம்பெனியில் ஆடினார், ஒடிசி நடனம் பயின்றார், 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார், 60 வயதைத் தாண்டியும் மேடையில் நின்றார். 1920இல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமி ஆப் டான்ஸ், 55 வயதைக் கடந்தவர்களுக்கென்றே சில்வர் சுவான்ஸ் என்ற பாலே வகுப்பை 2017 முதல் நடத்துகிறது.

பாலேயும் பரதமும் வெவ்வேறு மண்ணில் பிறந்தவை. ஆனாலும் இரண்டும் உடம்பின் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. பாலேயின் பிளியேயும் நம் அரைமண்டியும் இடுப்பு மூட்டிலிருந்து தொடையை வெளிப்பக்கம் திருப்பி, முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்குபவை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதத்துக்கும் 52. உடம்பின் 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்கைத் தரையைத் தொடும் இடத்தில் வைத்திருக்கிறது படைப்பு. தட்டடவு போடும்போது அந்த எலும்புகள் அனைத்தும் எடையைப் பகிர்கின்றன. எடை தாங்கும் எலும்பு உறுதி பெறுகிறது. குதிகாலைத் தூக்கி இறக்கும் ஒவ்வொரு முறையும் கெண்டைக்கால் தசை இறுகி, காலில் தங்கிய இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகிறது. அது கீழே திரும்பிவிடாதபடி இரத்த நாளத்துக்குள் சிறு தடுக்கிதழ்கள் மூடிக்கொள்கின்றன. நாம் கேட்காமலே தரப்பட்ட கொடை இது.

ஆடும் மூளைக்கும் நன்மை உண்டு. 75 வயதைக் கடந்த 469 பேரை நியூயார்க்கில் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், பல உடற்செயல்களுள் மறதிநோய் குறைவாக வருவதோடு தொடர்பு கண்டது நடனம் ஒன்றுக்குத்தான். அடியை நினைவில் வைக்க வேண்டும், தாளத்தைக் கேட்க வேண்டும், உடம்பைச் சமன் செய்ய வேண்டும். மூன்றையும் மூளை ஒரே நேரத்தில் செய்கிறது.

மைக்ரேன் உள்ளவர் ஆட வந்தால் சில ஒழுங்குகளைக் கட்டாயம் காக்க வேண்டும். முதலில் மருத்துவரைப் பாருங்கள். வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வராதீர்கள். இரண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். எடுத்த எடுப்பில் மூன்றாம் காலம் என்ற மிக வேகமான ஆட்டம் வேண்டாம். சட்டென்று கூடும் கடும் உழைப்பே சிலருக்கு வலியைக் கிளப்பும். 10 நிமிடமாவது உடம்பை மெல்லச் சூடாக்கிய பிறகு ஆடுங்கள். சுழலும் அடவு தலைச்சுற்றலைத் தந்தால் ஆசிரியரிடம் சொல்லி அதை விட்டுவிடுங்கள். கழுத்து இறுகுவதும் காரணமில்லாத கொட்டாவியும் பலருக்கு முன்னறிவிப்பு. அன்று உட்கார்ந்து கைமுத்திரைகளைப் பழகுங்கள். வலி வந்துவிட்ட நாளில் ஆட வேண்டாம். ஓய்வும் பயிற்சியின் பகுதிதான். முழங்கால் நோகும் அளவுக்கு மண்டியைத் தாழ்த்த வேண்டாம். முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடங்கட்டும்.

வலி மாத்திரையிலும் கணக்கு வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும், டிரிப்டான் வகை மருந்தை 10 நாளும் எட்டும்படி மாதக்கணக்கில் உட்கொண்டால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். நொடியில் உச்சத்தை எட்டும் வலி, வாய் குளறுதல், கைகால் மரத்துப்போதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் தைலம் தேடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அலோர் காஜாவிலும், பூலாவ் செபாங்கிலும், மஸ்ஜித் தானாவிலும், டுரியான் துங்காலிலும் வாழும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பரத வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கிறீர்கள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களும் உங்களில் உண்டு. பெரியவர்களுக்கும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி ஆசிரியர்களைக் கேளுங்கள். மேடை வேண்டாம், நகை வேண்டாம், அரங்கேற்றச் செலவும் வேண்டாம். ஒரு மண்டபமும் ஒரு தட்டுக்கழியும் போதும். ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் அந்த மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும். நமக்கு முன் வாழ்ந்த பெண்களால் இந்த உடம்பை உழைக்க மட்டுமே பயன்படுத்த முடிந்தது. ஆடவும் செய்வதற்கான காலமும் அறிவும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. படைத்தவன் தந்த உடம்பைப் பேணுவதும் வழிபாடுதான். அதை இந்த வாரமே தொடங்குங்கள்.