பலாலியிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்தவர் வடக்கே இருக்கும் இந்தியாவுக்குப் போக, பல ஆண்டுகளாக முதலில் தெற்கே போகவேண்டியிருந்தது. இரவு பஸ்ஸில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து கொழும்பு. பின்னர் கட்டுநாயக்காவிலிருந்து திரும்பவும் வடக்கே ஏறத்தாழ 645 கிலோமீற்றர் பறந்து சென்னை. கண் சத்திரசிகிச்சைக்காக எங்கள் உம்மும்மாவும் அப்படித்தான் போய்வந்தார்.

உண்மையான தூரத்தை நாமே கணிக்கலாம். அகலாங்கில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். பலாலி 9.79 பாகை வடக்கிலும், சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 12.99 பாகையிலும் உள்ளன. நெட்டாங்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோடு. வித்தியாசம் 3.2 பாகை, அதாவது 355 கிலோமீற்றர். கொழும்பை விடச் சென்னை எமக்கு வெகுதூரமில்லை.

திருச்சி இன்னும் கிட்ட. அது பலாலிக்கு வடக்கே ஏறத்தாழ 108 கிலோமீற்றர், மேற்கே 148 கிலோமீற்றர். பைதகரசின் தேற்றத்தைப் பிரயோகித்தால் செம்பக்கம் 183 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம் போகும் வீதித்தூரமும் ஏறக்குறைய இவ்வளவுதான்!

இங்கு வரும் ஏ.ரி.ஆர். 72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் திருச்சிக்கு 22 நிமிடம் போதும். அட்டவணையிலோ ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். ஏன்? விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரையிலான நேரமே பயண நேரமாகக் கணக்கிடப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லல், குறைந்த வேகத்தில் மேலெழல், இறங்குமுன் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பல் ஆகியவற்றுக்கான நேரம் தூரம் குறைந்தாலும் குறையாது. ஆகவே பயணம் குறுகக் குறுக, சராசரி வேகமும் குறைகிறது.

இந்த வான்வழி புதியதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்த பலாலித் தளத்தில், 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இறங்கிச் சென்றது. அது இரத்மலானையிலிருந்து சென்னை சென்ற டகோட்டா. பின்பு யுத்தம் வழியை மூடியது. 2019 ஒக்ரோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. திருச்சிச் சேவை 2025 மார்ச் 30 அன்று ஆரம்பமானது.

பெரிய ஜெற் விமானங்கள் வருவதற்குப் பயன்பாட்டிலுள்ள ஏறத்தாழ 1400 மீற்றர் ஓடுபாதை போதாது. அவற்றுக்குப் பொதுவாக 2000 மீற்றரளவு தேவை. ஓடுபாதை நீள்வதென்றால் காணி வேண்டும். பலாலியைச் சுற்றியுள்ள செம்மண் தோட்டங்களை விட்டு 1990இல் வெளியேறியவர்களில் பலர், தம் காணிக்குத் திரும்ப இன்னும் காத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளம் போனது. வளவும் கிணறும் நினைவில் மட்டும் இருப்பது என்னவென்று எங்கள் வீட்டாருக்குத் தெரியும்.

நோயாளருக்கும் மாணவருக்கும் இந்த வழி வேண்டும். அது வளரவும் வேண்டும். ஆனால் ஒரு மீற்றர் நீட்டுவதற்கு முன்னரும், அந்த மண்ணுக்குரியவரிடம் கேட்டு, உரியதைக் கொடுத்த பின்பே நீட்டவேண்டும் என்பதே என் எண்ணம்.