உங்களுக்குத் தெரியுமா? அரபு நாட்டில் நெல் விளைகிறது, சீறாப்புராணத்தில்!

நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாட வந்த உமறுப்புலவர், பாலைவன அரபு நாட்டில் தமிழ்நாட்டு மழையைப் பொழிய வைத்தார். நாட்டுப்படலத்தில் மேகம் கடல்நீரை முகந்து மலையில் கொட்டுகிறது. வெள்ளம் குறிஞ்சி தொடங்கி ஐந்திணையும் பாய்கிறது. உழவு, நாற்று, களையெடுப்பு, அறுவடை என வேளாண் பருவம் முழுவதும் வரிசையாக வருகிறது.

● காயல்பட்டினத்தில் பிறந்தவர் மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பா. காப்பியம் உருவான கதையில் அவருக்கு முக்கிய இடம் உண்டு.

● எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரே உமறுவின் ஆசான். உமறுவின் அடக்கத்தலமும் எட்டயபுரத்தில்தான்.

● நூலில் 3 காண்டங்கள், 5,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். பதுறு, உகுதுப் போர்கள் நடக்கும் அதே காண்டத்தில் நபிகளின் மகள் பாத்திமாவின் திருமணத்துக்கும் தனிப் படலம்! போருக்கு நடுவே ஒரு தகப்பனை நினைவில் நிறுத்திய இந்த இடம்தான் நூலின் உயிர் என்பேன்.

● உமறுவைத் தொடக்கத்தில் ஆதரித்த வள்ளல் சீதக்காதி, நூல் முடியுமுன்பே மறைந்தார். தொடர்ந்து கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர்.

● சீறாப்புராணம் நபிகளின் இறுதிக்காலம்வரை செல்லவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பாடியது பனி அகமது மரைக்காயரின் 'சின்ன சீறா'.