உங்களுக்குத் தெரியுமா? பீங்கான் தூசியும் சேத்துப்பட்டு ஆய்வும்

கம்மாபுரம், விருத்தாசலம் வட்டாரத்துப் பீங்கான் பட்டறைகளில், அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையின் ஓரத்தைத் தேய்க்கும்போது வெள்ளையாகத் தூசி பறக்கும். கண்ணில் படும் துகள் பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும். ஆபத்து, கண்ணுக்கே தெரியாத சிலிக்காத் துகளில்தான். நுரையீரலின் அடிவரை போகும் அதை விழுங்கும் உடலின் காவல் உயிரணு செத்துப்போகிறது. அந்த இடம் மெல்ல மெல்லத் தழும்பாகிறது. இதுவே சிலிகோசிஸ். தழும்பை அழிக்க இன்றுவரை மருந்து கிடையாது.

இப்படித் தழும்பேறும் நுரையீரலைக் காசநோய் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். காசநோய்க்கோ உலகத்துக்கே வழிகாட்டியது நம் சென்னை! 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், ஏழை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனை; மறு பிரிவுக்கு நெருக்கடியான சொந்த வீடு. இரண்டுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து. ஓய்வும் சத்துணவும் குறைந்த வீட்டுப் பிரிவும் ஏறக்குறைய அதே அளவு குணம் கண்டது. வீட்டாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் முடிவு வெளியானது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அதுவும் ஒரு காரணம்.

சிலிக்காத் தூசி கிளம்பாமலிருக்க, பட்டறைத் தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. இரண்டு வாரம் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். செய்யும் வேலையையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: சிலிகோசிஸ், சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்.