பழைய எம்.ஜி.க்கு ஐந்தாவது கியர்

அறுபதுகளில் வந்த எம்.ஜி.பி. என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரை டாப் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் ஓட்டினால், எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,500 சுற்று சுற்றும். அன்றைய இங்கிலாந்தின் கிராமச் சாலைகளுக்கு அது பெரிய குறையில்லை. இன்றைய மோட்டார்வேயில் இரண்டு மணி நேரம் அப்படியே போனால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். கை தானாக அடுத்த கியரைத் தேடும். இருப்பது நாலுதான்.

இல்லாத அந்த ஐந்தாவதைப் பிற்காலத்துக் கார் ஒன்றிலிருந்து கழற்றிவந்து பொருத்துவது இங்கிலாந்தில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் என்பதால், இதற்கான உதிரிபாகத் தொகுப்பை, அதாவது கிட்டை, செய்து விற்பவருக்கும் பிழைப்பு ஓடுகிறது. நமக்கும் இந்தக் கார் ஒருவகையில் சொந்தம்தான். அதன் 1,798 சிசி எஞ்சினும் நம் அம்பாசடரில் ஓடிய 1,489 சிசி எஞ்சினும் பி.எம்.சி. என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் ஒரே 'பி சீரிஸ்' குடும்பம். எம்.ஜி.பி.யுடையது வயதில் தம்பி, உருவத்தில் அண்ணன்.

ஐந்தாவது கியரைவிட முதல் கியர்தான் சிலருக்குப் பெரிய தலைவலி. 1967 இறுதி வரை வந்த கார்களில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பற்கள் சேருமுன் அவற்றின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு, கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் போட வேண்டுமானால் டபுள் கிளட்ச் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பற்கள் உரசும் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும். பாக்ஸையே மாற்றினால் இந்தத் தலைவலியும் தீரும்.

பெரும்பாலும் மாட்டுவது ஃபோர்டின் 'டைப் 9' கியர் பாக்ஸ். சியரா காரிலும், 2.8 லிட்டர் வி6 கேப்ரியிலும் இருந்தது. எம்.ஜி.பி.யின் சொந்த பாக்ஸில், எஞ்சினோடு இணைக்கும் மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கும் கியர்களின் உறையும் ஒரே வார்ப்பு. ஃபோர்டில் பெல் ஹவுசிங் தனியாகக் கழன்று வரும். ஆகவே எம்.ஜி. எஞ்சினுக்குப் பொருந்துகிற மாதிரி புதிதாக ஒன்றை வார்த்து நடுவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் சியராவின் நாலு சிலிண்டர் பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 3.65, இரண்டாவதன் விகிதம் 1.97. வண்டி நகர்ந்த மறுநொடியே முதல் கியர் தீர்ந்துபோகும். இன்னொரு தேர்வான மாஸ்டா எம்.எக்ஸ்-5 பாக்ஸில் இவை 3.14, 1.89. படிகள் நெருக்கமாக இருப்பதால், செலவு செய்வதென்று முடிவெடுத்தவர்களுக்கு நான் மாஸ்டாவைத்தான் சொல்வேன்.

எம்.ஜி.பி.யில் கியர் பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்க முடியாது. எஞ்சினையும் சேர்த்து மேலே தூக்கியாக வேண்டும். தூக்கிய பிறகுதான் அசல் வேலை. ஃபோர்டு ஷாஃப்டின் பற்களுக்கேற்ற கிளட்ச் பிளேட், கிராங்க் முனையில் ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் சிறிய பேரிங், புதிய மவுண்டிங், நீளம் சரிசெய்த புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாம் கிட்டில் வந்துவிடும். கிட்டில் வராதது சென்டர் பார்ப்பது, அதாவது கிராங்கின் மையமும் பெல் ஹவுசிங்கின் மையமும் ஒன்றாக நிற்கச் செய்வது. ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனை பெல் ஹவுசிங்கின் வட்டத் துளையைத் தொடும்படி வைத்து, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். ஒரு முழுச் சுற்றில் முள் 5 'தௌ'வுக்குமேல், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குமேல், ஆடக் கூடாது என்பது பட்டறைக் கணக்கு. ஆடினால் ஹவுசிங்கை நகர்த்திப் போல்ட்டை முறுக்கி மறுபடி பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். இதைத் தாவிவிட்டுப் போனவர்களின் வண்டியில் கியர் விழ மறுக்கும், பேரிங் சீக்கிரம் போகும், பழி மட்டும் கிட் செய்தவர் தலையில் விழும்.

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? டைப் 9-ன் ஐந்தாவது கியர் 0.82. நூறில் போகும்போது 3,500 சுற்று 2,870 அளவுக்கு இறங்கும். ஆனால் எம்.ஜி.பி.க்கு அந்தக் காலத்திலேயே லேகாக் ஓவர்டிரைவ் கிடைத்தது. சுவிட்சைத் தட்டினால் டாப் கியர் இன்னும் நீளமாகும். 1967 இறுதிக்குப் பிந்தைய பாக்ஸில் அதன் விகிதமும் அதே 0.82! ஓவர்டிரைவ் நல்ல நிலையில் உள்ள காரில் பெருந்தொகை கொட்டி ஐந்து கியர் மாட்டுவது, என் பார்வையில், வெட்டிச் செலவு. ஓவர்டிரைவ் இல்லாத காருக்கும், பாக்ஸ் தேய்ந்து போன காருக்கும்தான் இந்த வைத்தியம்.

இதே மாற்றத்தை நம் ஊரில் கம்பெனியே செய்திருக்கிறது. தொண்ணூறுகளில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடருக்கு 1.8 லிட்டர் இசுசு எஞ்சினைக் கொடுத்தபோது, ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர் கம்பி தரைக்கு இறங்கி ஐந்து கியராகியது. ஆனால் இன்று பழைய அம்பாசடரில் கை வைப்பவர் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2021-இல் வந்த மத்திய அரசின் வின்டேஜ் விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டி வின்டேஜாகக் கருதப்பட அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, எஞ்சின் மாறியிருக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் கியர் பாக்ஸின் பெயர் இல்லை. ஆனால் பாக்ஸ் நுழையவில்லையென்று அது உட்காரும் தரைச் சுரங்கத்தை வெட்டினால் அது பாடியில் கை வைத்த கணக்கு. எம்.ஜி.பி.யிலும் 1967 வரையான கார்களின் சுரங்கம் குறுகல். கிட் விற்பவரிடம் உங்கள் காரின் ஆண்டைச் சொல்லி, எங்கும் வெட்டத் தேவையில்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். கழற்றிய பழைய பாக்ஸை எண்ணெய் தடவிப் பரண்மேல் ஏற்றி வையுங்கள். பின்னாளில் காரை விலை பேச வருபவர் அது எங்கே என்றுதான் கேட்பார்.